சனிக்கிழமை இருண்ட இரண்டு கேமராக்கள்

"எங்க வூட்டுக்காரரு திருடன் இல்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டேதான் பச்சையம்மாள் கடைக்குள் நுழைந்தாள். அதுவரை அவளை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை அது. முதலாளி தேன்மொழி. பெங்களூரில் ஒன்பது வருடம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அவசரம் என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அவள் புருஷன் வரதராஜனுக்கோ அது ஒன்றுதான் உண்டு. ஏணி தூக்குவது, ஸ்கூட்டர் ஓட்டுவது, யார் திருடன் என்று முதல் ஆளாகச் சொல்வது, மூன்றும் அவன் பொறுப்பு.

"உக்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் சொல்லு" என்றாள் தேன்மொழி.

பச்சையம்மாளின் கணவன் பழனி, மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றில் கேட் வாட்ச்மேன். குவைத்தில் அதே வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை திருப்பதியில் இருக்கும் ஏஜெண்டிடம், இப்போதைய முதலாளி கையெழுத்துப் போட்ட நடத்தைச் சான்றிதழைக் கொடுத்தால்தான் விசா. முதலாளி ஆதிநாராயணனோ கொடுக்க மாட்டேன் என்கிறார்.

"மூணு சனிக்கெழமையா கேட் கேமரா சாயங்காலம் கறுப்பாப் பூடுதாம். இவருதான் வயரைப் புடுங்கி வுட்டுட்டுத் திருடறாருன்னு மொதலாளி சொல்றாரு."

"இன்னா தொலஞ்சிச்சு?" என்றான் வரதராஜன்.

"ஒண்ணும் தொலையல. இனிமேதான் திருடப் போறாராம்."

"அட கொடுமையே!" என்று தேன்மொழி எழுந்துகொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை. கையில் இருந்தது ஒரே பகல்தான்.

அது 2012. தொழிற்சாலைகளுக்கு நாள் குறித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதற்குப் பவர் ஹாலிடே என்று அழகாகப் பெயரும் வைத்திருந்த காலம். இந்த ஃபேக்டரிக்குச் சனிக்கிழமை. ஆதிநாராயணனுக்கு அதில் வருத்தமில்லை. சனிக்கிழமைதோறும் பெருமாளைப் பார்க்கத் திருமலைக்குக் கிளம்பிவிடுவார், ஞாயிறு இரவுதான் திரும்புவார்.

"அதாம்மா வெசயமே" என்றார் அவர், ஆபீஸ் அறையில். "நான் மலைக்குப் போயிர்றேன். வேலையாள் ஒருத்தரும் இல்ல. இவன் மட்டும். அன்னிக்குன்னு பாத்து கேமரா சாவுது. கேட் வயரு இவன் ரூம் பக்கமாத்தான் போவுது. அர்த்தமாயிந்தா, புரியுதா?"

மூலையில் பழனி நின்றிருந்தான். தன் கைகளை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

தேன்மொழி பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். ஒரு கேமரா அல்ல, இரண்டு கேமராக்கள் இருண்டிருந்தன. கேட், அடுத்த நொடியே லாரி எடை மேடை. முதல் வாரம் ஆறு நாற்பத்திரண்டுக்கு. அடுத்த வாரம் ஆறு நாற்பத்து நாலுக்கு. மூன்றாவது வாரம் ஆறு மணிக்கு முன்பே. விடிந்ததும் இரண்டும் தாமாகவே உயிர் பெற்றிருந்தன.

"எடை மேடையில ஒரு கூட்டாளி இருக்கான்!" என்று வரதராஜன் அவள் காதில் கிசுகிசுத்தான்.

"செத்த சும்மா இரு." அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "எடை மேடை வயரும் பழனி ரூம் வழியாவா போவுது?"

"இல்லம்மா. அது பின்பக்கம்."

"மூணாவது சனிக்கெழம மழையா?"

"ஆமா, நாலு மணிக்கே ஒரே மப்பு."

"மத்த நாள்ல யார்டு லைட்டு எரியுமா?"

"பட்டப் பகல் மாரி எரியும். சனிக்கெழம ஜெனரேட்டர் ஆபீசுக்கு மட்டும்தான். வெளிய ஒரு பல்பு கூடக் கிடையாது."

தேன்மொழி சிரித்தாள். சுவரில் இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சாவி ஆதிநாராயணனின் இடுப்பில்தான் இருந்தது. உள்ளே கேமரா வயரெல்லாம் வந்து சேரும் கையகல நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி, அதில் எட்டு நீல வயர்கள். அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "யார் வாங்கினது?" என்று கேட்டாள்.

"நான்தாங்கக்கா" என்றான் முதலாளியின் தங்கை மகன் ஹரிபாபு. "எட்டு கேமரா, எட்டு ஓட்டை. கரெக்டுதான?"

"ஆறு கோணிப்பை வேணும். பழனி, நீ வந்து இந்த நாற்காலியில உக்காரு."

முதலாளி, ஹரிபாபு, பச்சையம்மாள் எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். நல்ல வெயில் அடிக்கிற மூன்று மணிக்கு வரதராஜன் ஏணியோடு ஓடினான். முதல் கேமராவின் தலையில் கோணியைப் போட்டான். போனில், "ஆச்சு!" என்று கத்தினான். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது கோணி விழுந்த சில நொடிகளில் திரையில் கேட் படம் கறுத்துப் போனது.

கேட் கேமராவை யாரும் தொடவே இல்லை. பழனி எல்லார் கண் முன்னாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கேமராவுக்குத் தனியாக் கரண்டு வயர் கிடையாது" என்றாள் தேன்மொழி. "படம் வர்ற இந்த நீல வயர்லயே கரண்டும் போவுது. குடுக்கறது இந்தப் பெட்டி. பகல்ல ஒவ்வொரு கேமராவும் அஞ்சு வாட் துன்னும். எட்டுக்கும் சேத்து நாப்பது. இருட்டினா ஒவ்வொண்ணும் தன் சொந்த வெளக்கைப் போட்டுக்கும், அப்ப ஒம்பது. மொத்தம் எழுபத்திரண்டு. பெட்டியால அறுபதுதான் குடுக்க முடியும், அடியில எழுதியிருக்கு. இப்ப கோணி போட்ட ஆறுக்கு மட்டும் ராத்திரி வந்ததுக்கே அறுபத்து நாலு ஆயிடுச்சி. பந்தியில சோறு பத்தலன்னா கடைசி எலைக்குத்தான இல்லேன்னுவாங்க? கடைசி ஓட்டை கேட் கேமராவோடது. அதுக்கு முந்தினது எடை மேடை."

"மத்த நாள்ல?" என்றார் முதலாளி.

"யார்டு லைட்டு எரியறதால கேமராவுக்கு ராத்திரியே வர்றதில்ல. மப்பு போட்ட அன்னிக்கு ராத்திரி சீக்கிரம் வந்துடுச்சி. திருடறவன் மழைக்கு ஏத்த மாரி நேரத்தை மாத்திக்குவானா? ஹரிபாபு, ஓட்டையை எண்ணினது சரி. வாட்டை எண்ண மறந்துட்ட. நூத்தியிருவது வாட் பெட்டியா மாத்து."

ஹரிபாபு தலையைச் சொறிந்தான். வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்த வரதராஜன் நேராகப் பழனியிடம் போய், "நானும் உன்னைத்தான் நெனச்சேன்பா. மனசுல வச்சுக்காத" என்றான்.

"மூணு வாரமா சோறு எறங்கல சார்" என்றான் பழனி. அவன் வாயைத் திறந்தது அப்போதுதான். ஆதிநாராயணன் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜை டிராயரைத் திறந்து கம்பெனித் தாளை எடுத்தார். டைப் அடிக்க ஹரிபாபு கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. தம் கையாலேயே தெலுங்கில் எழுதி, முத்திரை குத்தி, எழுந்து நின்று பழனியிடம் கொடுத்தார். "திங்கக்கெழம நானே கார்ல கூட்டிப் போறேன், ஏஜெண்ட்டுகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

பழனி அதை மனைவியிடம் நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் மேடம், உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்" என்று அழுதாள். "இதுல இன்னா எழுதியிருக்குன்னு சொல்லும்மா."

தேன்மொழி தமிழில் சொன்னாள். "ஆறு வருஷமா இவன் என் கேட்டுல நின்னான். ஒரு நாள் கூட நான் பயந்து தூங்கினதில்ல. கடைசியா ஒரு தபா சந்தேகப்பட்டேன், தப்பு என்னுது."

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா படிம்மா" என்றாள். "அவரு தல குனிஞ்சிக்கினு இருந்தாரு, சரியாக் கேட்டிருக்க மாட்டாரு."

பழனி தலையை நிமிர்த்தினான். தேன்மொழி முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.