ஒன்றாக்கவா?

கணினி வகுப்பு முடிந்த கையோடு மருந்துக்கடைக்காரி தன் அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தோளில் மடிக்கணினிப் பை. மழை மூட்டம் பட்டப்பகலையே மங்க அடித்திருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் வழக்கமான தைல வாடை, உள்ளறையிலிருந்து அம்மாவின் வழக்கமான புலம்பல்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அவ இருந்திருந்தா என்னை இப்படித் தவிக்க விடுவாளா?"

அவள் என்றால் அக்கா. மூன்று வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அதற்குப் பிறகு பிறந்த இவளுக்கும் அதே பெயரை வைத்து, ஆயுசு முழுக்க அந்தச் செத்த குழந்தையோடு ஒப்பிட்டே அம்மா வறுத்தெடுத்துவிட்டாள். பார்த்துப் பார்த்துச் செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம். பாவி மனுஷி, ஒரு நாளாவது இவளை வாஞ்சையாகக் கூப்பிட்டதில்லை.

அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவு பாடும். அம்மாவின் பிறந்தநாளுக்கு வம்சாவளிப் படத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டிவிட்டால், அதில் மகள் என்று தன்னையும் அம்மா பார்த்துத்தானே ஆக வேண்டும்! "தைரியமா அமுக்குங்க மேடம். தப்பாப் போனா திரும்பக் கொண்டுவந்துடலாம்" என்று வகுப்பில் பயிற்சியாளர் அடித்துச் சொல்லியிருந்தார். மவுசைத் தொடவே நடுங்கியவளுக்கு இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். தாத்தா, அப்பா, அம்மா என்று கட்டங்கள் வரிசையாக வந்தன. அம்மாவுக்குக் கீழே ஒரே பெயரில் இரண்டு கட்டங்கள். மென்பொருள் கேட்டது: "இருவரும் ஒருவராக இருக்கலாம். ஒன்றாக்கவா?"

வேண்டாம் என்று அமுக்கத்தான் போனாள்.

"அவ இருந்திருந்தா..." உள்ளறையில் அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"நீ இருந்தது போதும்டி. தொலை!"

அக்காவின் கட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஆம் என்று அமுக்கினாள். அடேயப்பா, மனசுக்குள் என்ன குளிர்ச்சி!

ஒரு கட்டம் மறைந்தது.

மிஞ்சிய கட்டத்தைப் பார்த்தாள். பிறந்த தேதி அக்காவுடையது. படமும் அக்காவுடையது. 'உயிருடன் இருக்கிறார்' என்ற குறி மட்டும் இவளுடையது.

பதறிப்போய், பழையபடி திரும்பக் கொண்டுவரும் பொத்தானை அமுக்கினாள். ஓங்கி அமுக்கினாள்.

விரலுக்குக் கீழே மவுசுப் பொத்தான் அசையவே இல்லை.

உள்ளே புலம்பல் நின்றுபோயிருந்தது. எங்கிருந்தோ குழந்தைப் பவுடர் வாசனை வந்தது. வெறுங்காலோடு யாரோ தப்தப்பென்று ஓடினார்கள்.

"வந்துட்டியாடி, என் தங்கமே..."

இவள் அறைவாசலுக்கு ஓடினாள். கட்டிலில் அம்மா. அம்மாவின் மடியில் போர்வைக்குள் சின்னதாக ஏதோ நெளிந்தது.

"அம்மா, அதைக் கீழ விடும்மா! அது செத்துப்போனதும்மா. இங்க பாரு, நான் வந்திருக்கேன்!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வாசலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இவளைப் பார்க்கவில்லை.

போர்வை விலகியது. படத்திலிருந்த அதே முகம். அது மட்டும் இவளை நேராகப் பார்த்தது.

"அம்மா, அங்க யாரோ நின்னு அழறாங்க."

"யாரும் இல்லடா கண்ணு. பயமா இருந்தா கதவைச் சாத்திடு."

குழந்தை மடியிலிருந்து இறங்கியது. சிரித்தபடி நடந்துவந்து, இவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.