தொண்ணூற்று மூன்று

இப்போதெல்லாம் யாரையாவது பார்த்து "நல்லா இருக்கீரா?" என்று கேட்டால், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். வயிறு நிறைந்ததா என்று இலையிடம் கேட்கிற ஜனம். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய கமாவு அண்ணாச்சிக்கு இது பிடிக்கவே இல்லை.

பிடிக்காவிட்டாலும் அவர் மணிக்கட்டிலும் அந்த வாழ்வுமானி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தூத்துக்குடியில் காலனி போட்டுக் குடியேறிய கறுப்பர்களுக்கு மூன்று தலைமுறையாக இரத்தக்கொதிப்பு. பழைய கருவிகள் ஒளியைப் பாய்ச்சி, கறுத்த தோலைத் தப்பும் தவறுமாகப் படித்தன. "எங்க தோலுக்குன்னு ஒண்ணு செய்யுங்க" என்று காலனியே போராடி வாங்கியது இது. நாடி, அழுத்தம், தூக்கம், பேச்சு எல்லாவற்றையும் பார்த்து, வாழ்க்கை எவ்வளவு நன்றாகப் போகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே போனால்தான் கொதிப்பு மாத்திரையை மாற்றுவார்கள்.

கமாவுக்குத் தொண்ணூற்றிரண்டு.

"மாத்திரைய மாத்தித் தா, தாயி. இதத் தின்ன நாள்லேர்ந்து மனசு மரத்துக் கெடக்கு" என்றார், காலனி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெசிந்தாவிடம். "என் வீட்டுக்காரி நியாம்புராவ மண்ணுல வச்சப்போ எனக்கு ஒண்ணுமே தோணல. நாப்பத்தோரு வருசம் கூட வாழ்ந்தவ. பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நின்னேன். ஞாயித்துக்கிழம நாப்பதாம் நாள் பூசை. அன்னைக்காவது அழணும்."

"அடக்கத்தன்னைக்கும் உங்களுக்குத் தொண்ணூறு, அண்ணாச்சி. அழுத்தம் ஏறல, நாடி துள்ளல. காலனியிலயே நீங்கதான் முதல்."

"பொண்டாட்டி செத்ததுக்கு முதல் பரிசாக்கும்?"

ஜெசிந்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "கோவப்படுங்க. என்னைய ஏசுங்க. எண் குறைஞ்சா இப்பவே மாத்தி எழுதிருதேன்."

கமாவு மேசையில் ஓங்கிக் குத்தினார். துறைமுகத்தில் பழகிய வசவையெல்லாம் கொட்டினார். ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவருக்குள் ஒன்றும் எழவில்லை. அடுப்பில் ஏற்றாத பானைத் தண்ணீர்போல மனசு அப்படியே கிடந்தது.

மானி அதிர்ந்தது. தொண்ணூற்று மூன்று.

"மனம்விட்டுப் பேசினீங்கன்னு ஒண்ணு கூட்டிருக்கு" என்றாள், திரையைப் பார்த்தபடி. "நீங்க கேட்டு வாங்குனதுதான, அண்ணாச்சி? உங்க தோல நல்லாத்தான் படிக்கி."

"தோல நல்லாத்தான் படிக்கி" என்று எழுந்தார்.

வாசலில் வரிசையில் நின்றவன் அவர் மணிக்கட்டை எட்டிப் பார்த்தான். "தொண்ணூத்தி மூணா! ரொம்ப நல்லா இருக்கீரே, ஓய்."

"அது சொல்லுது" என்றார் கமாவு, நிற்காமல் நடந்துகொண்டே.