சுமைமானி

பால் பாத்திரத்தைக் குமணன் முதலில் பிடித்துவிட்டான். செண்பகவல்லி மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ஊறியிருந்த பால்தண்ணீர் இருவர் கையிலும் வழிந்தது.

"விடுங்க. நேத்து ராத்திரியே நான் ஊறப்போட்டது."

"ஊறப்போட்டவங்களுக்கு எல்லாம் பங்கு கிடையாது. தேய்க்கறவங்களுக்குத்தான்."

"பதினாலு வருஷம் இந்தத் தொட்டிப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. இப்ப வந்துட்டீங்க."

"நீ மட்டும் எட்டிப் பாத்தியா? மாநாடு மாநாடா சுத்துனவதானே."

"நான் சுத்துனதாலதான் இன்னிக்கு நீங்க பாத்திரத்தைத் தொடறீங்க."

அது உண்மைதான். குடும்பப் பொருளியல் பேராசிரியரான செண்பகவல்லி கண்டுபிடித்ததுதான் சுமைமானி. புளியங்கொட்டை அளவுள்ள அந்தக் கருவியைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். கை செய்யும் வேலையை அது அளக்கும். அதைவிட முக்கியமாக, தலைக்குள் ஓடும் வேலையையும் அளக்கும். நாளைக்குப் பால் இருக்கிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததா, மாமனாருக்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்று ஓயாமல் ஓடும் கவலையை நரம்பின் துடிப்பிலிருந்து எடுத்துக் காட்டும். நாட்டின் வருமானக் கணக்கில் ஒருபோதும் ஏறாத அந்த உழைப்பை முதன்முதலில் அளவாக்கிக் காட்டியவள் அவள்தான். தூங்கும்போதுகூடப் பெண்களின் மானி நிற்பதில்லை என்று அவள் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டுச் சட்டமன்றத்தில் சிலர் அழுதார்கள் என்று சொல்வார்கள்.

அழுத கையோடு இல்லப் பங்கீட்டுச் சட்டம் வந்தது. கணவன் மனைவி பிரிந்தால், வீட்டில் யார் சுமை அதிகமோ அவரே இல்லப் பொறுப்பாளர். அந்த வீட்டில் யார் இருப்பது, பிள்ளை யாரோடு இருப்பது என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான். பிரிய மனு கொடுத்தவர்கள் ஒரு மாதம் மானியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து காட்ட வேண்டும். அந்த அளவை மாதத்தில் கோயம்புத்தூரின் எந்தத் தெருவிலும் வாசல் இரண்டு முறை பெருக்கப்பட்டது. துவைத்துக் காய்ந்த துணி மறுபடி துவைக்கப்பட்டது. தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத ஆண்கள் துடைப்பத்தை ஒளித்துவைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

இப்போது வடவள்ளியில் அவள் வீட்டிலேயே அளவை மாதம்.

மேசையில் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. அவள் முன்னால் இரண்டு தட்டுகள்: ஒன்றில் அம்மா ஊற்றிய இட்லி, மற்றதில் அப்பா சுட்ட தோசை. இட்லியில் ஒரு வாய், தோசையில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் இருவர் முகத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் மானி ஒட்ட வேண்டும் என்பது விதி என்பதால் அவள் காதுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது.

"உன்னோடது கணக்குக்குத் தேவைப்படாது கண்ணு. சும்மா ஒட்டிக்க," என்று செண்பகவல்லிதான் சொல்லி ஒட்டிவிட்டிருந்தாள்.

மாத முடிவில் பங்கீட்டு அலுவலர் வெள்ளியங்கிரி வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர்கள் ஒரே நேரத்தில் நீண்டன. இரண்டையும் வாங்கிக் கீழே வைத்துவிட்டு அளவைத் திரையை விரித்தார்.

"சுருக்கமாச் சொல்லிடறனுங்க. சார் சுமையையும் மேடம் சுமையையும் சேத்துக் கூட்டுனாக்கூட, பாப்பா சுமைக்குக் கீழதான் வருதுங்க."

குமணன் சிரித்தான். "மானி பழுதுங்க."

"மூணு மானி மாத்திப் பாத்தாச்சுங்க சார். மேடம் செஞ்ச மானி. அது எங்க கெடப்போகுது?"

செண்பகவல்லி திரையைத் தன் பக்கம் இழுத்தாள். கோட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்ட நேரங்களில் ஒரு மேடு. அம்மா கைப்பையை மேசையில் வைத்த விதத்துக்கு ஒரு மேடு. தட்டுகள் வைக்கப்படும் போதெல்லாம் செங்குத்தாக ஒன்று. வீட்டில் யாரும் யாரோடும் பேசாத நேரங்களில்தான் கோடு உச்சியிலேயே நின்றது; இறங்கவே இல்லை. இந்த வடிவத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அடிக்கிற கணவனோடு வாழும் பெண்களின் அளவைகளில் பார்த்து, அதற்குக் காவல்கவலை என்று பெயரும் வைத்தவள் அவள்தான். அந்தப் பெயருக்காக அவளுக்கு விருதுகூடக் கொடுத்திருந்தார்கள்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை.

"அப்படின்னா சட்டப்படி?" என்றான் குமணன்.

"சட்டப்படி பாப்பாதாங்க இல்லப் பொறுப்பாளர்."

"பன்னெண்டு வயசுப் பிள்ளையா?" அவன் மனைவி பக்கம் திரும்பினான். "சட்டம் எழுதுன குழுவுல இருந்தவதானே நீ? வயசு வரம்பு ஒண்ணு போடணும்னு தோணலையா?"

"போடக் கூடாதுன்னு சொன்னதே நான்தான். பதினெட்டுன்னு வச்சா, பதினேழுல கட்டிவச்ச பொண்ணுங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டேன்." அவள் குரல் தேய்ந்தது. ஆனால் அடுத்த வார்த்தை கூர்மையாகவே வந்தது. "வண்டியை நிறுத்தறதுக்குள்ள பிள்ளை நடுங்குது. கோட்டைப் பாருங்க."

"உன் கைப்பைக்கும் நடுங்குது. அதையும் பாரு."

வெள்ளியங்கிரி இருவரையும் விட்டுவிட்டு, நாற்காலியை ஆதிரை பக்கம் நகர்த்திப் போட்டார். "அம்மிணி, பயப்படாமச் சொல்லு. இந்த வீட்டுல உங்கூட யாரு இருக்கணும்? அப்பாவா, அம்மாவா?"

செண்பகவல்லி, மகள் தன் பெயரைத்தான் சொல்வாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உடனே கூசினாள். ஆனாலும் நினைப்பை விடவில்லை.

"ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்," என்றாள் ஆதிரை. "நான் குன்னூர் ஹாஸ்டலுக்குப் போறேன்."

"ஏஞ்சாமி? யாராச்சும் ஒருத்தர்கூட இருக்கலாமே."

"ஒருத்தர்கூட இருந்தா, இன்னொருத்தர் அங்க தனியா என்ன பண்றாங்கன்னு நினைச்சுட்டே இருக்கணும். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா, ஒரு இடத்தை நினைச்சாப் போதும்."

அலுவலர் அவள் சொன்னபடியே ஆணையை எழுதினார். செண்பகவல்லி இத்தனை ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: சுமையைக் குறைக்க முடியாதபோது, அதைச் சுமக்கும் வழியைச் சுருக்கிக்கொள்வது. பாடத்தை அவளிடம் படிக்காமலே ஒருத்தி தேறிவிட்டாள்.

ஆதிரை போன பிறகு பாத்திரத்துக்குப் போட்டி இல்லை. தேய்க்கவும் ஆளில்லை. தொட்டியில் பூஞ்சை பிடித்தது. ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும் என்ற ஆணைக்குக் கட்டுப்பட்டு இருவரும் ஆளுக்கோர் அறையில் கிடந்தார்கள். கூடத்தில் எதிர்ப்பட்டால், இடித்துவிடாமல் சுவரோரம் ஒதுங்கிப் போனார்கள்.

குன்னூரிலிருந்து முதல் அளவை வந்தது. ஆதிரையின் சுமை இறங்கவேயில்லை. கூடவே வெள்ளியங்கிரியின் குறிப்பு: பொறுப்பாளரின் சுமை பாதியாகக் குறையும்வரை ஆணை நீடிக்கும். குறைந்தால் ஆணை விலகும். இருவரும் விரும்பியபடி பிரிந்து போகலாம்.

குமணன் முதல் முறையாக அவள் அறைக் கதவைத் தட்டினான். "சாயங்காலம் அவ கூப்பிடறப்ப ஒண்ணா உக்காந்து பேசுவோம். சிரிச்ச மாதிரி. அவளுக்குச் சுமை இறங்குச்சுன்னா, நீ உன் வழி, நான் என் வழி."

அவள் ஒத்துக்கொண்டாள். அவனை ஒழிக்க அதைவிடக் குறுக்கு வழி தெரியவில்லை.

அன்று மாலை திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று ஆதிரைதான் முதலில் கேட்டாள்.

"அப்பா கத்திரிக்காய்க் குழம்பு வச்சாரு. நல்லா இருந்துச்சு," என்றாள் செண்பகவல்லி. குழம்பு எதுவும் இல்லை.

"உங்கம்மா ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டா," என்றான் அவன்.

ஆதிரை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள். திரை அணைந்ததும் குமணன் நாற்காலியை வெடுக்கென்று பின்னால் தள்ளினான். செண்பகவல்லிக்குக் கழுத்து வலித்தது. அந்தச் சில நிமிடப் பேச்சுக்கு, இன்னும் கழற்றாத அவள் மானி காட்டிய அளவு, அளவை மாதம் முழுவதும் துடைத்துப் பெருக்கியதைவிட அதிகம். அவனுடையதை எட்டிப் பார்த்தாள். அதுவும் அதே அளவுதான். சமபங்கு என்று மேடைகளில் அவள் கேட்டது இதுதான்.

நாட்கள் போகப்போக ஆதிரையின் கோடு இறங்கத் தொடங்கியது. பாதியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று தெரிந்த மாலையில், செண்பகவல்லி சட்டத்தின் வரிகளைத் தலைக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"கேளுங்க," என்றாள். "அவ சுமை இறங்குனா நாம பிரியலாம்."

"அதுக்குத்தானே இந்தக் கூத்து."

"பிரிஞ்சா அவளுக்குச் சுமை ஏறும். ஏறுனா ஆணை திரும்ப வரும். நாமளும் திரும்ப இதே நாற்காலிக்கு வரணும்."

குமணன் அவளை முறைத்தான். அந்த முறைப்பில் வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை, அவள் முறைப்பிலும்தான்.

"இதுக்குச் சட்டத்துல வழி இல்லையா?"

"இல்ல. நான்தானே எழுதினேன்."

அவன் தள்ளிவைத்திருந்த நாற்காலியைக் காலால் இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, தொப்பென்று உட்கார்ந்தான்.

"சரி, சொல்லித் தொலை. இன்னிக்கு என்ன குழம்பு வச்சேன்?"