பார்வையிழப்பற்ற வார்டு

இட்லிப் பானை அடுப்பில் ஏறியதும் ஷெரின் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

"முதல் வரி?"

"வலது, மேல், இடது," என்பாள் அவளுடைய நாத்தனார் ஜெனிட்டா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"நாலாவது?"

"கீழ், கீழ், வலது, மேல், இடது."

"பரவாயில்லையே மதினி! நான் இப்படிப் படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பேன்."

கண் பரிசோதனைப் பலகையில் இருப்பது மூன்று கால் வைத்த ஒரே குறிதான். அதன் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். பலகை மாறுவதில்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

ஜெனிட்டாவின் இடது கண் போய் இரண்டு வருஷம். வலது கண்ணுக்குள்ளும் சர்க்கரை நோயால் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் முகத்தின் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை. முந்தாநாள் வரை ஷெரினின் வாயாவது தெரிந்தது. இப்போது அதுவும் ஓட்டைக்குள் போய்விட்டது.

பார்வைக் காப்புச் சட்டம் கெட்ட சட்டம் இல்லை. ஆரம்பத்தில் வீடு வீடாக வந்தார்கள். கண்புரையை எடுத்தார்கள். உப்பளத்துக்குப் போகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். ஆறே வருஷத்தில் ஜெனிட்டாவின் வார்டில் பார்வையற்றவர் ஒருவரும் இல்லை. அப்போதுதான் மேலே இருந்த யாருக்கோ யோசனை வந்தது: பார்வையிழப்பற்ற வார்டுக்குக் கடல்நீர் ஆலையிலிருந்து தினமும் குடிதண்ணீர், மற்ற வார்டுகளுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் யாருக்கும் கண் கெடவில்லை. கெட்டவர்கள் வெளியில் சொல்லவில்லை.

சொன்னால் வைத்தியம் உண்டு. மதுரையில் 'ஒளித்தையல்' இயந்திரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், கசிவு நின்றுவிடும். ஆனால் பலகையில் தோற்றவரைத்தான் அங்கே அனுப்புவார்கள். ஒருவர் தோற்றால் வார்டின் பெயரில் ஒன்று என்று விழும், தினத் தண்ணீர் நின்றுவிடும்.

பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கண் சோதிக்கும் இயந்திரமான விழிமானி வந்து இறங்கியது. கூடவே பரிசோதகர் முகிலன். தெரு மொத்தமும் வரிசையில் நின்றது.

"அக்கா, முதல் குறி. கையால காட்டுங்க."

ஜெனிட்டா கையை மடியிலேயே வைத்திருந்தாள். "தெரியலை."

"என்னது?"

"தெரியலை தம்பி. போன வருஷமே சரியாத் தெரியலை. மதுரைக்கு எழுதுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார். "காலையில சாப்பிடலை போல!"

"அவளுக்கு எப்பவும் கிண்டல்தான். சார், நீங்க மறுபடி கேளுங்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

முகிலன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, என் பொறுப்புல பதினொரு வார்டு. பதினொண்ணுலயும் சுழியம்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? கண்ணு தெரியலைங்கேன்."

பிறகு இட்லி மாவு வாசனையோடு ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"மதினி," என்றாள் ஷெரின், காதோரம். "வீட்டுல கைப்புள்ள இருக்கு. அஞ்சு நாளைக்குத் தண்ணிய எதுல பிடிச்சு வைப்பேன்?"

"எனக்கு ஒரு கண்ணுதான் இருக்கு ஷெரின்."

ஷெரின் அந்தக் கையைத் தூக்கி வலதுபக்கம் நீட்டினாள். மேலே. இடது. ஜெனிட்டா இழுத்துப் பார்த்தாள். உப்பு வாரிப் பழகிய பிடி அது, அசையவில்லை. நாலாவது வரியில் ஷெரினுக்கே தடுமாறியது. பின்னாலிருந்து ஒரு குரல் "கீழ்" என்றது. அப்புறம் ஐந்தாறு குரல்கள். அப்புறம் கூடமே சொன்னது, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. விழிமானிக்குக் காது கிடையாது. அது கையை மட்டும் பார்த்தது. முகிலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பார்வை நன்று," என்றது இயந்திரம். "அடுத்த பரிசோதனை ஓராண்டு கழித்து."

எல்லோரும் கைதட்டினார்கள். ஷெரின் பிடியை விடாமலே அவளை எழுப்பினாள்.

"வாசல்ல மூணு படி இருக்கு, மதினி."

வரிசை இரண்டு பக்கமும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டது. யாரோ கீழே கிடந்த குடத்தை அவள் காலில் தட்டாதபடி ஓசைப்படாமல் நகர்த்தி வைத்தார்கள்.