மடித்த தூரம்

“இதனால் உலகத்தார் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தூரம் என்னும் கொடுமை இன்றோடு ஒழிக்கப்படுகிறது. டொரண்டோவிலிருந்து சென்னை இனி ஏழே நிமிடம்!” மடிப்பூர்தி நிறுவனத்தின் தலைவர் இந்த அறிக்கையை வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அது போன வருடக் கதை. இன்று டொரண்டோ வீட்டில் திருஞானம் பெட்டியும் கையுமாக நின்றார். சென்னை குரோம்பேட்டையில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. “உன்னையேதான் கேக்குறாரு. உடனே வாண்ணா,” என்று தங்கை அமுதவல்லி போனில் அழுதிருந்தாள்.

“ராகு காலம் முடியட்டுங்க,” என்றாள் மனைவி கோமதி.

“எந்த ஊர் ராகு காலம்?”

“கிளம்புறது இங்க, இறங்குறது அங்க. ரெண்டையும்தான் பாக்கணும். இங்க இல்ல, அங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ஏழு நிமிஷத்துல போகப்போறவருக்கு என்ன பறப்பு?”

பழைய விமானத்தில் ஒரு நாள் முழுக்கத் தொங்கிய காலத்தில், கிடைத்த டிக்கெட்டில் ஏறியவர்கள்தான் எல்லோரும். நேரம் மிச்சமானதும் நல்ல நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். திருஞானம் உட்கார்ந்து காபி குடித்தார்.

மடிப்பூர்தி, வெளியைப் புடவை போல மடித்துக்கொண்டு குறுக்கே தாண்டும். மடிபட்ட பதின்மூவாயிரம் கிலோமீட்டர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. “தூரம் அழியாது. இங்கே அமுக்கினால் வேறெங்காவது புடைக்கும்,” என்று சொன்ன ஒரு பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தார்கள்.

மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்தவரை டாக்சிக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

“குரோம்பேட்டையா? முடியாது சார்.”

“ஏன்யா? இதோ இருக்கு, பத்து நிமிஷம்.”

“காலையில இதோதான் சார் இருந்துச்சு. அப்ப வந்தவங்க வீட்டுக்குப் போயி குளிச்சுக்கூட இருப்பாங்க. ராகு காலம் முடிஞ்சதும் உங்களதையும் சேத்து நாப்பது ஊர்தி ஒண்ணா எறங்குச்சு பாருங்க, பல்லாவரத்துக்கு அந்தாண்ட ரோடு இழுத்துக்கிச்சு. நிலாகூட இதவிடக் கிட்டம்.”

“விளையாடாதய்யா. எங்கப்பா கடைசி மூச்சுல இருக்காரு.”

டாக்சிக்காரர் கதவைத் திறந்தார். பல்லாவரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். கடைசிப் பெட்டிக்கடைக்கு அப்பால் வெறும் தார். கடை இல்லை, கம்பம் இல்லை, நிழல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பாக, வழவழவென்று, சற்றுமுன்தான் பிறந்ததுபோல அது கிடந்தது. ஒரு நாய் அதன் விளிம்பு வரை வந்து, மோந்து பார்த்துவிட்டு, பின்வாங்கியது.

திருஞானம் போன் போட்டார். அவர் பேசி முடித்துச் சில நொடிகள் கழித்தே மறுமுனை பேசியது. குரலும் அவ்வளவு தூரத்தைக் கடந்தாக வேண்டும்.

“எங்கண்ணா இருக்க?” வீட்டை விட்டு வெளியே வராத அமுதவல்லிக்கு எதுவும் தெரியாது.

“பல்லாவரம்.”

மறுபடி அந்த மௌனம். பிறகு அவள் அப்பாவின் காதருகே குனிந்து சொல்வது கேட்டது: “அண்ணன் பல்லாவரம் வந்தாச்சுப்பா. இதோ வந்துடுவான்.”

“அப்ப இருக்கேன்னு சொல்லு,” என்றார் அப்பா.

டொரண்டோவிலிருந்து அடுத்த ஊர்தி குறித்த நேரத்தில் வந்து இறங்கியது.