மூன்றுக்குப் பின் வந்த எதிரொலி

ஒலிவாங்கியில் நஸ்லா சொன்னது மூன்று எண்களைத்தான்.

“ஒண்டு, ரெண்டு, மூணு.”

ஒரு விநாடி கழித்து ஸ்பீக்கரில் அவளுடைய குரலே திரும்பி வந்தது. ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு.

வாய் தவறிச் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனையில் இழுத்து மூடிவிட்ட ஒலிப்பதிவுக் கூடமொன்றிலிருந்து வாங்கி வந்த பழைய டிலே பெட்டி அது. உள்ளே போகும் ஒலியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எதிரொலியாகத் திருப்பித் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. மேடை நாடகமொன்றுக்குக் கிணற்றின் அடியிலிருந்து எழும் குரல் வேண்டியிருந்தது. அதற்காகக் காலையிலேயே பெட்டியைத் திறந்து, அதன் வேகத்தைக் கட்டி வைத்திருந்த சிறு பாகத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கையால் திருப்பும் குமிழ் ஒன்றைப் பற்றவைத்திருந்தாள். வேகத்தைக் குறைத்தால் குரல் இழுபட்டுத் தடித்து ஆழத்துக்குப் போகும்.

குமிழை இடப்பக்கம் திருப்பினாள். வெள்ளவத்தைக் கடலோர ரயில் மூன்றாம் மாடி ஜன்னல்களை அதிர வைத்துப் போனது. உருகிய ஈயத்தின் மணத்தோடு உப்புக் காற்றும், சமையலறையில் தங்கை பஸ்லா தாளிக்கும் வெங்காய வாசமும் கலந்து வந்தன. ஸ்பீக்கருக்குள் தன் குரல் சேற்றில் நடப்பதுபோல் மெல்ல மெல்ல வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே யாரோ மூச்சு இழுத்தார்கள். அவளுடைய மூச்சு அல்ல. நெடுநாள் தண்ணீர் காணாதவன் குடிப்பதுபோன்ற மூச்சு.

பஸ்லா வாசலில் வந்து நின்றாள். “ராத்தா, கூப்பிட்டீங்களா?”

“இல்லையே.”

“என்ட பேரச் சொன்னீங்க. உங்கட தொண்டைக்கு என்ன? கட்டியிருக்கு. கொத்தமல்லி அவிச்சுத் தரட்டா?”

நஸ்லா தலையசைத்தாள். பதில் சொல்ல முயன்றபோது காற்றுதான் வந்தது.

தங்கை போன பிறகு மறுபடி எண்ணிப் பார்த்தாள். தன் காதுக்கே எட்டாத கிசுகிசுப்பு. ஸ்பீக்கரில் வந்ததோ கணீரென்ற குரல். காலையில் அவளிடம் இருந்த குரல்.

ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினாள்.

“பஸ்லா,” என்றது பெட்டி.

பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

“பஸ்லா.” இம்முறை கொஞ்சலாக.

முன்வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜின் உறுமலும் நின்றது. மாலை நான்கு மணி வெயில் தரையில் மஞ்சளாகக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, அறைக்குள்ளிருந்து:

“பஸ்லா, இங்க வா புள்ள. கதவச் சாத்திட்டு வா.”

“இந்தா வாறன் ராத்தா.”

கையில் கொத்தமல்லிக் கோப்பையோடு பஸ்லா நடையைக் கடந்து போனாள். முன்வாசல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நஸ்லா கத்தினாள். வாய் திறந்தது. நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

ஓடினாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கதவின் மேற்பாதி புகைக் கண்ணாடி. அதற்கு அப்பால், ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு நிழல்கள். ஒன்று கோப்பையை நீட்டியது. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்றது அதை வாங்கிக்கொண்டது.

இரு கைகளாலும் அடித்தாள்.

“யாரோ கதவத் தட்டுறாங்க ராத்தா.”

“தட்டட்டும்,” என்றது நஸ்லாவின் குரல். “நமக்குத் தெரியாத ஆள். நீ கிட்ட வா. இந்த மைக்குல கதை.”

அடித்தாள். அடித்தாள். எலும்பில் வலித்தது.

“என்னத்தக் கதைக்க?” பஸ்லா சிரித்தாள்.

ஒரு விநாடி கழித்து அந்தச் சிரிப்பு ஸ்பீக்கரில் திரும்பி வந்தது, முதலில் வந்ததைவிடத் தெளிவாக.

கண்ணாடிக்கு அப்பால், உட்கார்ந்திருந்த நிழல் எழுந்து, தங்கையின் பிடரியைப் பிடித்து, அவள் வாயை ஒலிவாங்கியோடு சேர்த்து அழுத்தியது.