செயல்பாடு இல்லாதவை

ஒழுங்கு இல்லாவிட்டால் கோள்கள்கூட ஒன்றோடொன்று மோதிவிடும். பிரபஞ்சத்தில் எதற்கும் மேலே ஒன்று இருந்தே தீர வேண்டும். தலைமைப் பொறியாளர் இதை எல்லாக் கூட்டங்களிலும் சொல்வார். சொல்லிவிட்டு, எந்தப் பொத்தானை அமுக்கினால் அடுத்த படம் திரையில் வரும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்.

ஆலையின் கருவிகளையெல்லாம் மென்பொருளில் ஒரு மரமாக அடுக்கும் வேலை அவருடையது, அதாவது அவர் பெயரில் மற்றவர்கள் செய்வது. உச்சியில் ஆலை, அதன்கீழ் குளிர்நீர், நீராவி என்று அமைப்புகள், அவற்றின்கீழ் பம்பு, மோட்டார், வால்வு. எது எங்கே இருக்கிறது என்பதல்ல, என்ன வேலை செய்கிறது என்பதே கணக்கு. வேலை தெரியாதவற்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் யார் போவது? 'செயல்பாடு இல்லாதவை' என்று ஒரு கிளையைத் திறந்து அத்தனையையும் அதில் தள்ளினார். அதில் விழுபவற்றைக் கழற்றி அப்புறப்படுத்த மென்பொருளே ஆணையிடும்படியும் செய்தார். மறுநாள் இதை இயக்குநரிடம் காட்டிப் பதவி உயர்வு வாங்குவதாக உத்தேசம்.

அன்று மாலை அந்தக் கிளையில் புதிதாக ஓர் உருப்படி இருந்தது: 'மேசை விளக்கு, தலைமைப் பொறியாளர் அறை.'

"இது உன் குறும்பாம்மா?" என்று உதவிப் பொறியாளரை அழைத்துக் கேட்டார்.

"எனக்கு ஏது சார் அவ்வளவு நேரம்? நீங்களே எதையாவது தட்டியிருப்பீங்க. போன வாரம் கொதிகலனையே கேன்டீனுக்குக் கீழ சேர்த்தீங்களே." பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அழித்தார். மறுபடி வந்தது. கூடவே 'கதவு' என்று இன்னொன்று. நடைபாதையில் காலடிகள் ஓய்ந்து, அந்த ஓய்வுக்கு அடியிலிருந்து எண்ணெய் காணாத சக்கரமொன்று கிறீச்சிட்டு, நின்று, யோசித்து, மறுபடி உருண்டு நெருங்கியது. அதற்கு முன்னால் கருகிய கிரீஸும் ஈர இரும்பும் கலந்த வாடை வந்தது. ஆலைக்குள் கால் வைக்காதவர் என்பதால் அது என்ன வாடை என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தார். விளக்கு இல்லை. மேசையில் திருகாணித் துளைகள் மட்டும். கதவும் இல்லை. கீல் இருந்த இடத்திலும் துளைகள்.

திரையில் புதிய வரி: 'தலைமைப் பொறியாளர்.' அதன்கீழ் ஒரு கேள்வி: 'இது நின்றால் எது நிற்கும்?'

'மேற்பார்வை' என்று தட்டினார்.

'ஏற்கப்படவில்லை. அதைக் கண்காணிப்புக் கேமரா செய்கிறது.'

'ஒருங்கிணைப்பு.' ஏற்கப்படவில்லை. 'தொலைநோக்கு.' பதிலே வரவில்லை.

கைபேசியில் மனைவியை அழைத்தார். "நான் ஆபீஸ்ல என்ன வேலை பார்க்கறேன்? சட்டுனு சொல்லு!"

"நல்லா இருக்கே! கல்யாணமானதுலேர்ந்து நான் உங்களைக் கேட்டுட்டிருக்கிற கேள்வி இது."

"விளையாடாதே, உயிர் போற விஷயம்!"

"ஆமா, உங்களுக்கு எல்லாமே உயிர் போற விஷயம்தான். வரும்போது பால் வாங்கிட்டு வாங்க." வைத்துவிட்டாள்.

'பால் வாங்குதல்' என்று தட்டினார். அதை மட்டும் மென்பொருள் சற்று நேரம் யோசித்தது.

ஏற்கப்படவில்லை.

சக்கரம் வாசலில் நின்றது. தள்ளுவண்டி. தள்ள ஆளில்லை. உத்தரத்திலிருந்து சங்கிலி இறங்கியது. ஒரு கண்ணி. இன்னொரு கண்ணி. கொக்கி அவர் அக்குளுக்குள் புகுந்தது. கால்கள் தரையை விட்டன. கத்தினார். சத்தம் வரவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது.

இடது முழங்காலைக் குளிர்ந்த ஸ்பேனர் ஒன்று தடவியது. மரையைத் தேடியது. கிடைத்தது. திருகியது.

ஜன்னலுக்கு வெளியே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மோட்டார்கூட நிற்கவில்லை.